உண்ணிலமும் நீங்கல் நிலமும்: சூழப்பட்ட நிலங்களைக் குறிக்கும் சொல்லும் கெடாத் தோட்டப்புறமும்

முன்னுரை

ஓர் அரசின் நிலப்பரப்புக்குள் முற்றிலும் அடங்கியிருந்தும் வேறோர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் பகுதியை ஆங்கிலமும் பிரெஞ்சும் 'என்கிளேவ்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றன. புவியியல், அரசியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகள் அனைத்திலும் இன்று வழங்கும் இச்சொல்லுக்குத் தமிழில் அனைவரும் ஏற்ற ஒரு சொல் நிலைபெறவில்லை. பாடநூல்களிலும் இதழ்களிலும் அது பெரும்பாலும் விளக்கத் தொடராகவே பெயர்க்கப்படுகிறது. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டப்புறத்தைக் குறிக்க இச்சொல்லை ஆங்கில நூல்களிலிருந்து எடுத்தாளும்போது இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது. 'தோட்டம் ஒரு தீவு' என்று எழுதி அமைகிறோம். தீவு என்னும் உருவகம் தனிமையைச் சொல்லுமேயன்றி, அந்நிலம் யாருடையது, அங்கிருந்து வெளியேற வழி உண்டா, அவ்வழி யாருடைய இசைவால் அமைந்தது என்பவற்றைச் சொல்வதில்லை.

இக்கட்டுரை அச்சொல்லின் பொருள் வரலாற்றை முதலில் ஆராய்கிறது. அடுத்து, அக்கருத்தைக் குறிக்கத்தக்க சொற்களைச் சோழர் காலக் கல்வெட்டு, செப்பேட்டு வழக்கில் தேடுகிறது. பின்னர், கெடா மாநிலத்தின் குவாலா மூடா மாவட்டத்தில், குறிப்பாகப் புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டப்புறத்தில் அச்சொற்களைப் பொருத்திப் பார்க்கிறது. சூழப்பட்டிருத்தல் ஒரு நிலத்தின் இருப்பிடத்தை மட்டுமே காட்டும். அந்நிலத்தின் கதியைத் தீர்மானிப்பது அது ஆவணத்தில் தனித்து எழுதப்பட்டதா என்பதும், அதற்கு வழியுரிமை தரப்பட்டதா என்பதுமே ஆகும் என நிறுவுவது இதன் நோக்கம்.

சொல்லின் தோற்றமும் பொருள் விரிவும்

'என்கிளேவ்' என்பது அடிப்படையில் அரசியல் சொல் அன்று. சொத்துரிமைச் சொல் ஆகும். சாவி என்னும் பொருளுடைய 'கிளாவிஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழியாக, 'பூட்டி அடைத்தல்' என்னும் பொருளில் பேச்சு இலத்தீனில் ஒரு வினை தோன்றியது. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வினையும், பின்னர் பெயர்ச்சொல்லும் பிறந்தன. பிறர் நிலங்களால் சூழப்பட்டு, பொதுவழியை அடைய முடியாமல் இருக்கும் ஒருவரது நிலத்தையே அது முதலில் குறித்தது. அரசுகளுக்கிடையிலான ஆவணங்களில் அது இடம்பெற்றது பிற்காலத்தில்தான்; 1526ஆம் ஆண்டு மத்ரித் உடன்படிக்கையை அதற்கு முதற்சான்றாகக் காட்டுவர்.

சொத்துரிமைப் பொருளில் இச்சொல்லோடு ஒரு கடமையும் பிணைந்திருந்தது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுதி, 682ஆம் விதியில், இவ்வாறு அடைபட்ட நிலத்தின் உரிமையாளர் அயலார் நிலத்தின் வழியே செல்லும் உரிமையைக் கோரலாம் என்றும், அதனால் அயலாருக்கு விளையும் இழப்புக்கு ஈடு தரவேண்டும் என்றும் வகுத்தது. ஆகவே, பூட்டு என்னும் பொருளில் பிறந்த சொல்லுக்குச் சட்டம் திறவுகோலையும் சேர்த்தே தந்தது எனலாம். அரசியல் சொல்லாக மாறியபோது பூட்டு எஞ்சியது. திறவுகோல் வழக்காடிப் பெறவேண்டியதாயிற்று.

இதற்குச் சிறந்த சான்று இந்தியாவிலேயே உள்ளது. போர்த்துக்கீசியரின் தமன் பகுதியிலிருந்து பிரிந்து, இந்திய நிலத்தால் முற்றிலும் சூழப்பட்டிருந்த தாத்ரா, நகர் அவேலி ஆகியவை 1954ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்டு மாதங்களில் போர்த்துக்கீசியர் கையைவிட்டுப் போயின. அங்குச் செல்லத் தனக்கு வழியுரிமை உண்டு என 1955இல் போர்த்துக்கல் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1960 ஏப்ரல் 12இல் வெளிவந்த தீர்ப்பு, தனியாட்கள், குடிமை அலுவலர், பொதுவான சரக்குகள் ஆகியோர்க்கும் ஆகியவற்றுக்கும் நீண்டகால வழக்கத்தின் அடிப்படையில் வழியுரிமை இருந்ததென்றும், படைகளுக்கும் ஆயுதங்களுக்கும் அது இல்லையென்றும் கூறியது. இந்தியா தன் கடமையை மீறவில்லை என்பதும் அத்தீர்ப்பின் முடிபு. சூழப்பட்டிருத்தல் என்னும் புவியியல் உண்மை மட்டும் வழியுரிமையைத் தந்துவிடவில்லை. நீண்டகால வழக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

உள்ளிருப்பதும் பிரிந்திருப்பதும்

இச்சொல்லைக் கையாள்வோர் இரண்டு கருத்துகளை ஒன்றாக்கிக் குழப்புவதுண்டு. சூழ்ந்திருப்பவரின் பார்வையில் ஒரு நிலம் 'என்கிளேவ்'. அதைத் தன்னுடையதாகக் கொண்ட தாய்நிலத்தின் பார்வையில் அதுவே 'எக்ஸ்கிளேவ்', அதாவது பிரிந்து கிடக்கும் துண்டு. லெசோத்தோ தென்னாப்பிரிக்காவால் முழுதும் சூழப்பட்டது. ஆயினும் அது தனி நாடாதலால் எதனிலிருந்தும் பிரிந்த துண்டு அன்று. புருணையின் தெம்புரோங் மாவட்டம் சரவாக்கின் லிம்பாங் பகுதியால் பிரிக்கப்பட்ட துண்டு. ஆயினும் அதற்குக் கடற்கரை உண்டாதலால் அது முழுதும் சூழப்பட்டதன்று. 1890இல் லிம்பாங்கைச் சரவாக் சேர்த்துக்கொண்டதால் நேர்ந்த இப்பிரிவைக் கடப்பதற்கு 2020இல் ஒரு நெடும் பாலம் திறக்கப்பட்டது. 1974இல் கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரும், 2001இல் அந்நிலையை எய்திய புத்ராஜெயாவும் சிலாங்கூர் மாநிலத்தால் சூழப்பட்டவை. ஒரே கூட்டரசுக்குள் அமைந்தமையால் அவற்றின் எல்லையைக் கடப்போர் கடந்ததை உணர்வதுமில்லை.

தமிழ் மாணவர்க்கு அணுக்கமான எடுத்துக்காட்டு புதுச்சேரி ஆட்சிப்பகுதி. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. புதுச்சேரி வட்டாரமேகூடத் தமிழ்நாட்டு நிலத்தினிடையே பல துண்டுகளாகக் கிடக்கிறது. 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இவை இந்தியாவிடம் வந்தன. ஆட்சி மாறியும் துண்டுகளின் வடிவம் மாறவில்லை.

இந்திய, வங்காளதேச எல்லையில் கூச் பெகார் வட்டாரத்தில் இருந்த துண்டுகளே உலகில் மிகச் சிக்கலானவை. அங்கு வழங்கிய உள்ளூர்ச் சொல் 'சிட்மகால்' என்பதாகும். 'சிட்' துண்டினையும் 'மகால்' வருவாய் நிலத்தையும் குறிக்கும். சூழப்பட்டதைச் சுட்டாமல், சிதறியதையும் வரி செலுத்தும் இடத்தையும் சுட்டுகிறது அச்சொல். 2015 சூலை 31 நள்ளிரவில் வங்காளதேசத்தினுள் இருந்த 111 இந்தியத் துண்டுகளும், இந்தியாவினுள் இருந்த 51 வங்காளதேசத் துண்டுகளும் கைமாறின. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அதுவரை பள்ளி, மருத்துவம், வாக்குரிமை முதலியவை எளிதில் எட்டா நிலையில் வாழ்ந்தனர். மாற்றத்திற்கு உட்படாத தககிராம், அங்கர்போதாவிற்கு 'தீன் பிகா' என்னும் குறுகிய பாதை 1992இல் திறக்கப்பட்டபோது, பகலில் ஒருமணி நேரம் விட்டு ஒருமணி நேரமே அதைக் கடக்க இயன்றது. நாள் முழுதும் கடக்கும் உரிமை 2011இல்தான் கிட்டியது. அம்மக்களுக்கு நாட்டுரிமை என்பது அந்தப் பாதையின் கதவு திறந்திருக்கும் நேரமாகவே இருந்தது.

தமிழில் சொல் தேடல்

'சூழ்' என்னும் வேரிலிருந்து சொல் ஆக்க முற்படுவது இயல்பு. ஆயின் 'சூழ்நிலம்' என்பது வினைத்தொகையாதலால் இருபொருள் தரும். 'கடல்சூழ் நாடு' என்னும்போது நாடு சூழப்பட்டது. 'சூழ்நிலை' என்னும்போதோ நிலை நம்மைச் சூழ்ந்திருப்பது. எனவே சூழ்நிலம் என்பது சூழ்ந்துள்ள நிலத்தையே பெரும்பாலும் நினைவூட்டி, நாம் குறிக்க விரும்பும் நிலத்துக்கு மறுதலையான நிலத்தைக் காட்டிவிடும். 'உட்பகுதி', 'உள்நாடு' என்பன கடலோரத்திற்கு எதிரான நிலத்தையும் குறிப்பதால் வரையறை அற்றவை.

சோழர் கால நில ஆவணங்களில் இதற்கு உதவும் இரு வழக்குகள் உள்ளன. நில விற்பனையிலும் கொடையிலும் நான்கெல்லைகளைக் கூறியபின், 'உண்ணிலம் ஒழிவின்றி' என்னும் வாய்பாடு வருவதைக் காண்கிறோம். உள், நிலம் என்பவை புணர்ந்து உண்ணிலம் ஆயிற்று. எல்லைக்குள் அகப்பட்ட எந்த நிலமும் விடுபடாமல் முழுதும் கைமாறுகிறது என்பது இத்தொடரின் கருத்து. உண்ணிலம் என்பது இங்கு இருப்பிடப் பெயரேயன்றி உரிமைப் பெயர் அன்று.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர்மாறானது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பொறிக்கப்பட்ட முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் அளந்த மொத்த நிலத்தைக் கூறுகின்றன. அடுத்து, அதனுள் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைப் பெயர்சொல்லி எண்ணி, அவை இறையிலியாக நீங்கும் நிலம் எனக் கழித்து, எஞ்சியதற்கே வரி விதிக்கின்றன. நிலத்தால் அவை ஊருக்குள்ளேயே இருந்தன. ஆவணத்தால் அவை நீங்கின. இவ்வட்டவணையை நாம் மிகைப்படப் போற்ற வேண்டியதில்லை. பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்து எண்ணப்பட்டமை சாதிவழிப் பிரிவினைக்கும் சான்றாகும். இறையிலி என்பது சமநிலை அன்று. ஆயினும் மக்கள் வாழவும் வழிபடவும் நீரெடுக்கவும் இறந்தோரை எரிக்கவும் வேண்டிய இடங்கள் விளைநிலத்திலிருந்து வேறானவை என்று ஆவணம் அறிந்திருந்தது என்பது மறுக்கவியலாதது.

வழியுரிமைக்குரிய சான்று கெடாவுடனேயே தொடர்புடைய ஓர் ஆவணத்தில் கிடைக்கிறது. லெய்டன் பெரிய செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடு, கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதைக் கூறுகிறது. அந்நிலத்தின் அளவு 97 வேலிக்குச் சற்று மேற்பட்டது. கடாரம் என்பது கெடாவே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் முடிபு. இச்செப்பேட்டின் தமிழ்ப்பகுதி, புறவூர் நிலங்களின் ஊடே வந்து இவ்வூருக்குப் பாயவேண்டிய வாய்க்கால்கள் பாயலாம் என்றும், இவ்வூரின் ஊடே சென்று புறவூர்களுக்குப் பாயவேண்டிய வாய்க்கால்களும் பாயலாம் என்றும் இருபுறமும் வகுக்கிறது. கொடை பெற்றவருக்கு நிலம் உரியதாகிறது; அதன் ஊடே செல்லும் நீரைத் தடுக்கும் உரிமை வரவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தொகுதி எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மனிதர் நடக்கும் வழிக்குச் சொன்னதை, இச்செப்பேடு நீர் நடக்கும் வழிக்குச் சொல்லியிருந்தது.

ஆகவே ஒரு நிலம் உள்ளே அமைந்திருத்தலை 'உண்ணிலம்' என்றும், உள்ளிருந்தும் உரிமையால் வேறாக்கப்பட்டதை 'நீங்கல் நிலம்' என்றும், தாய்நிலத்திலிருந்து பிரிந்த துண்டைப் 'பிரிநிலம்' என்றும் வழங்கலாம் எனக் கருதுகிறேன். 'நீங்கலாக' என்னும் சொல் இன்றும் வழக்கில் இருப்பதால் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 'என்கிளேவ்' என்பதற்கு நேரான சொல் நீங்கல் நிலமே. எல்லா நீங்கல் நிலங்களும் உண்ணிலங்களே. எல்லா உண்ணிலங்களும் நீங்கல் நிலங்கள் அல்ல. கெடாத் தோட்டப்புற வரலாற்றை விளக்குவதற்கு இவ்வேறுபாடே திறவுகோலாகிறது.

கெடாத் தோட்டப்புறம்: நீங்கலாகாத உண்ணிலம்

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டானியரின் மேலாட்சிக்கு மாறியது. மாநிலத்தின் தென்பகுதியான கூலிம், குவாலா மூடா மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் இத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். கடாரத்தரசன் விகாரம் எடுத்த அதே துறைமுகத்திலிருந்து கடாரத்தின் காடுகளுக்கு வந்தவர்கள் இவர்கள்.

புக்கிட் செலம்பாவ் இவ்வட்டாரத்துச் சிறுநகர்களுள் ஒன்று. இத்தகைய நகர் தோட்டங்களால் சூழப்பட்டது. ஆயினும் அது பொதுச்சாலையின்மேல் அமைந்திருப்பதால் அடைபட்டதன்று. உண்மையில் அடைபட்டவை அதைச் சூழ்ந்திருந்த தோட்டங்களுக்குள் இருந்த லயங்களே. பெரும்பாலும் தொழிலாளியின் வீடு, பிள்ளையின் பள்ளி, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, கோயில், இடுகாடு யாவும் ஒரே நிறுவனத்தின் நிலப் பட்டாவுக்குள் இருந்தன. செம்மண் சாலையும் அதன் முகப்பிலிருந்த தடுப்பும் நிறுவனத்துக்கே உரியவை. பொருளியலார் தோட்டத்தை 'என்கிளேவ்' என்பதற்குக் காரணம் வேறு. முதலும் இலாபமும் அயல்நாட்டுடன் பிணைந்து, சுற்றியுள்ள நாட்டின் பொருளியலோடு தோட்டம் இணையாதிருந்தது என்பதே அவர்கள் கருத்து. நிறுவனத்தைப் பொறுத்தவரை அது சரி. தொழிலாளியைப் பொறுத்தவரை தோட்டம் உண்ணிலம் மட்டுமே. எந்தப் பட்டாவிலும் அவனுடைய கோயிலும் இடுகாடும் நீங்கலாக எழுதப்படவில்லை.

இந்த அடைப்பை உள்ளிருந்தே உடைக்க முயன்ற நிகழ்ச்சியாக, 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை இயக்கத்தைக் கொள்ளலாம். அதன் கள்ளுக்கடை மறியலை மதுவிலக்குச் சீர்திருத்தமாக மட்டும் காண்பது போதாது. தனித்தனி எல்லைகளுக்குள் வைக்கப்பட்டிருந்த தோட்டத்து மக்களை அது எல்லை கடந்து ஒன்றுசேர்த்தது. காவல்துறையின் கடும் நடவடிக்கையால் அது ஒடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம் எனலாம்.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் உண்ணிலத்தின் வலுவின்மையை வெளிப்படுத்தியது. அயல்நாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறு கூறுகளாக்கி விற்றனர். இதுபற்றி உங்கு அசிஸ் மேற்கொண்ட ஆய்வு 1963இல் வெளிவந்தது. துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டது. அது முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் ஆகும். அடைபட்டிருந்தோரே பட்டாவைக் கைக்கொள்ளும் முயற்சி அது. ஆயினும் பெரும்பாலான தோட்டங்கள், பழைய வாய்பாட்டில் கூறுவதானால், உண்ணிலம் ஒழிவின்றியே விற்கப்பட்டன. பின்னர்ச் சுங்கைப் பட்டாணி தொழில்நகராக வளர்ந்தபோது வீடமைப்புக்காக விற்கப்பட்டவற்றின் நிலையும் இதுவே. லயத்தை விட்டு வெளியேறியோர் பலர் நகர்ப்புறப் புறம்போக்குகளில் குடியேறினர். உண்ணிலத்திலிருந்து புறம்போக்குக்கு என்னும் இவ்விரு சொற்களுக்குள் ஒரு தலைமுறையின் வரலாறு அடங்கிவிடுகிறது.

சட்டம் இதில் முற்றிலும் வாய்மூடியிருக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுதி, பொதுவழியை அடைய இயலாதோர்க்கு அயல்நிலத்தின்மீது வழியுரிமை ஏற்படுத்தும் அதிகாரத்தை நில நிர்வாகிக்குத் தருகிறது. பிரெஞ்சுச் சட்டத்தின் கருத்தோடு இது ஒத்தது. ஆனால் அவ்வுரிமையை உறுதியாகக் கோருவதற்கு முதலில் தனக்கென ஒரு நிலம் வேண்டும். தோட்டத்துக் கோயிலுக்குப் பல தலைமுறை வழிபாடு இருந்தது, பட்டா இல்லை. தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்னும் வகையில் இருப்பதற்கு, அவை நிற்கும் நிலம் அரசுக்கோ பள்ளிக்கோ உரியதன்று என்பதே முதன்மையான காரணம். நிலம் கிடைத்து வீடமைப்புப் பகுதிக்கு இடம்பெயர்ந்த பள்ளிகள் பல, இல்லாத தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றைத் தோட்டத்தின் பிரிநிலங்கள் எனலாம். தாய்நிலம் மறைந்த பின்னும் நிலைத்த பிரிநிலங்கள்.

தோட்டத்தமிழர் உடைமைக்கு மட்டும் நேர்ந்ததன்று இந்நிலை. பூசாங் பள்ளத்தாக்கின் தொல்லிடங்களும் இதே மாவட்டத்தில் உள்ளன. சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில், 11ஆம் எண் சண்டி என அறியப்பட்ட பழங்கோயிலின் அடித்தளம் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 இறுதியில் வெளியாகி நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அது தனியார் நிலத்தில் இருந்ததும், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவுபெறாமல் இருந்ததும் விளக்கமாகக் கூறப்பட்டன. ஆயிரம் ஆண்டுத் தொன்மையும் ஆவணத்தில் 'நீங்கல்' ஆகாதவரை உண்ணிலம் ஒழிவின்றிக் கைமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசனின் விகாரத்திற்கு எல்லையும் நீர்வழியும் எழுதிவைக்கப்பட்டன. கடாரத்திலேயே இருந்த கோயிலுக்கு அவ்வாறு எழுதப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, 'என்கிளேவ்' என்பது தொடக்கத்தில் வழியுரிமையோடு பிணைந்த சொத்துரிமைச் சொல். சூழப்பட்டது என்று மட்டும் அதைப் பெயர்ப்பது பாதிப்பொருளையே தரும். இரண்டு, உண்ணிலம், நீங்கல் நிலம், பிரிநிலம் என்னும் மூன்று சொற்களைக் கொண்டால் இருப்பிடம், உரிமை, தாய்நிலத் தொடர்பு ஆகிய மூன்றையும் குழப்பமின்றிக் கூறவியலும். மூன்று, தோட்டப்புறத்தை 'என்கிளேவ்' எனத் தமிழில் எழுதுவோர் யாருடைய நோக்கில் அதை அழைக்கிறோம் என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். நிறுவனத்துக்கு அது நீங்கல் நிலம். தொழிலாளிக்கு அது நீங்கலாகாத உண்ணிலம்.

இவ்வேறுபாடு வகுப்பறையோடு முடிவதன்று. கெடாவில் இன்னும் தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகள், கோயில்கள், இடுகாடுகள் ஆகியவற்றின் வரலாற்றை மாணவர் தொகுக்கும்போது, கட்டட ஆண்டையும் திருப்பணி ஆண்டையும் மட்டும் குறித்தல் போதாது. நிலப் பட்டா யார் பெயரில் உள்ளது, அவ்விடம் அதில் தனித்துக் காட்டப்பட்டுள்ளதா, அங்குச் செல்லும் பாதை பொதுப்பாதையா தனியார் பாதையா என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்கப் பயிற்றுதல் நம் துறையாளரின் கடமையாகும். தோட்டம் கைமாறிய பின்னர்க் கேட்டால் அவ்வினாக்களுக்கு விடை கிடைக்கலாம். அவ்விடையால் பயன் இருக்காது.